நிலம் தாயா, மூத்த ஹிபாகுஷாவா? ஜப்பானிய அணுகுண்டு இலக்கியமும் சூழலியல் பெண்ணியமும்

ஆலங்குருவி (இழையைத் தொடங்கியவர்)

மொழிபெயர்ப்பு இழையில் ஜப்பானிய எழுத்தாளர் ஹயாஷி கியோகோ பற்றிய பேச்சு நீண்டுகொண்டே போனதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். தலைப்பில் உள்ள ‘ஹிபாகுஷா’ அணுகுண்டில் அடிபட்டுப் பிழைத்தவரைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அவரை அறியாதவர்களுக்காக: 1930இல் நாகசாகியில் பிறந்து, ஷாங்காயில் வளர்ந்து, 1945 மார்ச்சில் ஊர் திரும்பியவர். போருக்காகப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆலைகளுக்கு அனுப்பிய காலம். ஆகஸ்ட் 9 அன்று மிட்சுபிஷி ஆயுத ஆலையில், குண்டு வெடித்த மையத்திலிருந்து 1.4 கிலோமீட்டர் தூரத்தில் வேலையில் இருந்தார். வயது 14. முப்பது ஆண்டு கழித்து, 1975இல், ‘மட்சுரி நோ பா’ கதைக்கு ஜப்பானின் முக்கிய இலக்கியப் பரிசான அகுதாகவா பரிசு கிடைத்தது. 2017இல் இறந்தார்.

நான் பேச வருவது 2000இல் வந்த ‘ட்ரினிட்டியிலிருந்து ட்ரினிட்டிக்கு’ பற்றி. 1999 அக்டோபரில் அவர் நியூ மெக்சிகோவுக்குப் போகிறார். 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த ட்ரினிட்டி என்ற இடம் அங்கேதான். இப்போதும் ராணுவத்தின் கையில் இருக்கும் நிலம். ஆண்டில் ஓரிரு நாள்தான் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். வேலிகளுக்கு நடுவே நடந்து, வெடிப்பு நடந்த புள்ளியில் நிற்கும் கல்தூணை நோக்கிப் போகிறார். ஆகஸ்ட் 9 அன்று தப்பி ஓடியபோது வராத கண்ணீர் அங்கே வருகிறது. பூமியில் முதலில் அணுகுண்டு பட்டவர்கள் மனிதர்களாகிய நாங்கள்தான் என்று அதுவரை நினைத்திருந்தவர், இல்லை, எனக்கு மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களால் அழவோ கத்தவோ முடியாது என்று எழுதுகிறார்.

இந்தக் காட்சியைச் சூழலியல் பெண்ணியம் பேசுகிறவர்கள் விரும்பி எடுத்துக்கொள்வது இயல்புதான். பெண்ணை அடக்குவதும் இயற்கையை அடக்குவதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பது அந்தச் சிந்தனையின் அடிப்படை. 1974இல் ஃபிரான்சுவாஸ் தோபோன் பெயர் வைத்தார். 1980இல் கரோலின் மெர்ச்சன்ட் அறிவியல் புரட்சியின் வரலாற்றுக்குள் அதைக் கொண்டுபோனார். 1993இல் மரியா மீஸும் வந்தனா சிவாவும் மூன்றாம் உலகத்தின் பக்கமிருந்து எழுதினார்கள். இந்தப் பின்னணியோடு வருகிறவர் ட்ரினிட்டிக் காட்சியைப் படித்தால், ‘காயம்பட்ட பெண்ணும் காயம்பட்ட பூமித்தாயும் ஒன்றாகிறார்கள்’ என்று எழுதிவிடுவது சுலபம்.

எனக்கு அது ஒப்பவில்லை. ஹயாஷி நிலத்தைத் தாய் என்று சொல்லவே இல்லை. தனக்கு முன்னால் அடிபட்டவர் என்கிறார். பிள்ளை தாயைப் பார்ப்பதும், நோயாளி தனக்கு முன் அதே வார்டில் கிடந்தவரைப் பார்ப்பதும் வேறு வேறு. தாயிடம் ஆறுதல் கேட்கலாம். முன்னால் கிடந்தவரிடம் என்ன நடந்தது என்று மட்டுமே கேட்க முடியும்.

தாய், பிள்ளை, பிரசவம் என்ற பேச்சு முழுக்கக் குண்டு செய்தவர்கள் பக்கம் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ட்ரினிட்டி சோதனை வெற்றி என்பதைப் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் மாநாட்டுக்கு வந்திருந்த சர்ச்சிலிடம் அமெரிக்கப் போர்ச் செயலர் ஸ்டிம்சன் ஒரு தாளில் தெரிவித்தார். ‘குழந்தைகள் நல்லபடியாகப் பிறந்தன’ என்று அதில் இருந்தது. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு ‘சின்னப் பையன்’. அதைச் சுமந்த விமானத்துக்கு விமானி வைத்தது தன் அம்மாவின் பெயர். இத்தனைக்கும் பிறகு நாமும் பூமித்தாய் என்று தொடங்கினால் யாருடைய பேச்சைப் பேசுகிறோம்?

என் வாதம் இவ்வளவுதான்: இந்த இலக்கியத்தில் பெண் எழுத்தாளர்கள் தாய்மை என்ற ஆறுதலைத் தள்ளிவைக்கும் இடங்களில்தான் சூழலியல் பெண்ணிய வாசிப்பு பலன் தருகிறது. அவர்கள் அந்த ஆறுதலை ஏற்கும் இடங்களில் அதே வாசிப்பு வழவழவென்று ஆகிவிடுகிறது.

பழைய புத்தகக்கடை

அம்மணி, நல்ல தொடக்கம். ஆனால் ஒரு பெரிய ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள். இபுசே மசுஜியின் ‘கறுப்பு மழை’யை விட்டுவிட்டு இயற்கையைப் பற்றி எப்படிப் பேச முடியும்? 1965-66இல் தொடராக வந்தது. எழுதியவர் ஆண், ஹிபாகுஷாவும் இல்லை. ஆனாலும் அந்த நாவல் அளவுக்கு மண்ணோடு ஒட்டிய அணுகுண்டு எழுத்தை நான் படித்ததில்லை.

கோபதாகே கிராமத்தில் கதிர்வீச்சு நோயோடு வாழும் மூன்று ஆண்கள். கனமான வேலை செய்யக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குளத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்தால், வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று ஊர்க்காரப் பெண்மணி ஒருத்தி குத்திக்காட்டுகிறாள். சரி, மீன் பிடித்தால்தானே வம்பு, மீன் வளர்ப்போம் என்று கெண்டைக் குஞ்சு வளர்க்க இறங்குகிறார்கள். அப்புறம் அந்தப் பூச்சிப் படையல். வயல் வேலையில் காலடியில் மிதிபட்டுச் செத்த பூச்சிகளுக்காக உருண்டை பிடித்துப் படைக்கும் நாள். இரண்டு லட்சம் வார்த்தையில் தத்துவம் எழுதினாலும் இதற்கு ஈடாகுமா? ஒரு நகரத்தையே மிதித்துப் போனவர்களுக்கு நேர் எதிரே, மிதித்த பூச்சிக்கு மன்னிப்புக் கேட்கும் உழவர்களை நிறுத்துகிறார். ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லவில்லை.

இதைச் செய்ய எழுத்தாளர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வருகிறது?

மருதாணி

புத்தகக்கடை சார், கட்டாயம் இல்லைதான். ஆனால் ‘கறுப்பு மழை’யில் யாசுகோவின் குரல் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். நாவலின் மையப் பாத்திரம் ஷிகெமட்சுவின் வீட்டில் வளரும் உறவுப் பெண் அவள். அவளுக்கு வரன் தட்டிப்போகிறது, அவள் குண்டு விழுந்தபோது ஹிரோஷிமாவில் இருந்தாள் என்று ஊரில் பேச்சு. அதைப் பொய்யென்று காட்ட ஷிகெமட்சு என்ன செய்கிறார்? அவளுடைய நாட்குறிப்பை எடுத்துப் பிரதி செய்கிறார். அதில், வெடிப்புக்குப் பின் பெய்த கதிரியக்கம் கலந்த கறுப்பு மழையில் நனைந்ததை அவளே எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் பகுதியைப் பிரதியில் சேர்ப்பதா, விடுவதா என்று ஷிகெமட்சுவும் அவர் மனைவியும் யோசிக்கிறார்கள். ஒரு பெண்ணின் உடம்பில் விழுந்த மழையை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் வெட்டலாமா என்பதுதான் கேள்வி. பிறகு அவள் நோயில் விழும்போதும் அவளைப் பற்றி மற்றவர்கள்தான் குறிப்பு எழுதுகிறார்கள்.

இபுசேயைக் குறை சொல்லவில்லை. இதையெல்லாம் தெரிந்தே எழுதினார் என்று நினைக்கிறேன். ஆனால் பூச்சிப் படையலை மட்டும் எடுத்துக்கொண்டு நாட்குறிப்பை விட்டுவிட்டால் பாதி நாவல்தான் கையில் இருக்கும்.

ஆலங்குருவி அக்காவின் தாய்மை விஷயத்தில் உடன்படுகிறேன். அதற்கு இலக்கியத்துக்கு வெளியே ஒரு காரணமும் இருக்கிறது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக்கின் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய சூரை மீன்பிடிப் படகின் 23 பேர் மேல் விழுந்தது. மீன் கடைகளில் பீதி. டோக்கியோ சுகினாமி வட்டாரத்துப் பெண்கள் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் சேர்ந்தது. 1955 ஜூனில் முதல் தாய்மார் மாநாடு. உயிரைப் பெறும் தாய் உயிரை வளர்க்கவும் காக்கவும் விரும்புகிறாள் என்பது அதன் முழக்கம். அரசியலாக இது பெரிய வெற்றி, மறுக்க முடியாது. ஆனால் பத்து ஆண்டு முன்பு இதே நாட்டில் ‘போர்வீரனைப் பெற்ற தாய்’ என்றும் கொண்டாடினார்கள். தாய் என்ற பீடம் அப்படியே இருந்தது, மேலே இருந்த சிலையை மட்டும் மாற்றினார்கள். ஆய்வாளர் லிசா யோநெயாமா ஹிரோஷிமாவின் நினைவுகளைப் பற்றி எழுதும்போது இந்தக் கண்ணியைத்தான் பிடிக்கிறார்: நினைவுக்குத் தாய்முகம் வைத்தால் ஜப்பான் முழுக்கக் குற்றமற்ற பலியாள் ஆகிவிடுகிறது.

இயற்பியல் வாத்தியார்

36 வருடம் அணுக்கருப் பிளவு வினையைக் கரும்பலகையில் எழுதியவன் என்ற முறையில் ஒரு எதிர்ப்பு. ‘ஆண் அறிவியல் இயற்கையைக் கற்பழித்தது’ என்ற தொனியில் வரும் எதையும் என்னால் விழுங்க முடியாது. பிளவு வினைக்கு விளக்கம் கண்டவர்களில் லிசே மைட்னர் ஒருவர். குண்டுத் திட்டத்துக்கு அழைத்தபோது மறுத்தவரும் அவரே. இன்னொரு பக்கம் லியோனா வுட்ஸ் 1942இல் சிகாகோவின் முதல் அணு உலையில் வேலை செய்தார். பிறகு கர்ப்பமாக இருந்தபோது தளர்வான வேலை உடுப்புக்குள் அதை மறைத்துக்கொண்டு உலைக்குப் போய்வந்தார். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் குண்டுக்கான யுரேனியம் பிரிக்கும் இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். என்ன செய்கிறோம் என்றே அவர்களுக்குச் சொல்லவில்லை. யார் ஆண், யார் பெண் என்று இதில் எப்படிக் கோடு கிழிப்பீர்கள்?

அந்தப் பாலைவனம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘யாரும் இல்லாத இடம்’ என்று தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். ஆனால் சுற்றிலும் பண்ணைகள் இருந்தன. சோதனைக்குப் பின் மேய்ச்சல் மாடுகளின் முதுகில் சாம்பல் பட்ட இடத்தில் ரோமம் உதிர்ந்து வெள்ளையாக முளைத்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் இந்தியானாவில், ஆற்று நீரை எடுத்து வைக்கோல் அட்டை செய்யும் ஆலையின் அட்டையில் கதிரியக்கம் ஏறி, அதில் பொதிந்த கோடாக் ஃபிலிம் புள்ளி விழுந்து பாழானது. நிலத்துக்கும் மாட்டுக்கும் வைக்கோலுக்கும் நடந்ததைச் சொல்ல எனக்குப் பெண்ணியம் தேவைப்படவில்லை.

ஆலங்குருவி

வாத்தியாரே, மாடும் அட்டையும் தந்ததற்கு நன்றி. ஹயாஷி சொன்ன ‘அழ முடியாத மூத்தவர்கள்’ பட்டியலில் அவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கோட்டை நான் ஆண், பெண் என்று கிழிக்கவில்லை. எதைச் செலவாகக் கணக்கில் காட்டினார்கள், எதைக் காட்டவில்லை என்பதில் கிழிக்கிறேன். நீங்கள் சொன்ன லியோனா வுட்ஸ் கர்ப்பத்தை ஏன் மறைக்க வேண்டியிருந்தது? தெரிந்திருந்தால் வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்கள். பிள்ளை பெறும் உடம்புக்கு அந்தக் கட்டடத்தில் இடமில்லை; ஆனால் அங்கே செய்த பொருளுக்கு மட்டும் குழந்தைப் பெயர். பெண்ணியம் இல்லாமல் இந்த முரணைச் சொல்லிப் பாருங்கள்.

நிலமும் அப்படித்தான். ‘யாரும் இல்லாத இடம்’ என்று நீங்களே சொன்னீர்கள். வெற்றுப் பாலைவனம் என்று எழுதிவிட்டால் அங்கே மேய்ந்த மாடும், மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த குடும்பமும் ஆவணத்தில் இல்லாமல் போய்விடும். 1990இல் அமெரிக்கா கொண்டுவந்த கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்தில் ட்ரினிட்டியின் காற்றுவாக்கில் வாழ்ந்தவர்களுக்கு 2025 வரை இடமே இருக்கவில்லை. பல பத்தாண்டுகள் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒருவரிக்காரன்

குண்டுக்குப் பேர் வைத்தவர்கள் மாட்டுக்கும் ஒரு பேர் வைத்திருக்கலாம்.

செவிலி

நான் இலக்கியம் படித்தவள் இல்லை. பிரசவ வார்டில் வேலை. குரிஹாரா சதாகோவின் கவிதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் தொழிலைப் பற்றியது.

இடிந்துபோன கட்டடத்தின் நிலவறை. விளக்கில்லை. காயம்பட்டவர்கள் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்கள், இரத்த வாடை, பிணவாடை. அதற்குள் ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கிறது. இவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருந்த ஒருத்தி, நான் மருத்துவச்சி, நான் பார்க்கிறேன் என்கிறாள். பிள்ளை பிறக்கிறது. விடிவதற்குள் மருத்துவச்சி இரத்தத்தோடு செத்துப்போகிறாள். பிறப்பிப்போம், உயிரைக் கொடுத்தேனும் பிறப்பிப்போம் என்று கவிதை முடிகிறது. 1946 மார்ச்சில் வெளியானது.

இது உண்மையில் நடந்த சம்பவம். ஹிரோஷிமா அஞ்சல் சேமிப்பு அலுவலகத்தின் நிலவறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அந்த மருத்துவச்சி சாகவில்லை, பிழைத்துக்கொண்டார். கவிதைதான் அவரைக் கொன்றது. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்களைப் பாராட்ட வேண்டுமென்றால் நாங்கள் செத்தாக வேண்டுமா? பிரசவம் பார்த்தவள் எழுந்து, கையைக் கழுவ ஒரு செம்பு தண்ணீர் கிடைக்காமல் தேடினாள் என்று எழுதியிருந்தால் அந்தக் கவிதை குறைந்துபோயிருக்குமா?

இன்னொன்றையும் இதோடு வைத்துப் பாருங்கள். 1947இல் அமெரிக்கர்கள் அணுகுண்டுப் பாதிப்பு ஆய்வு ஆணையத்தை அங்கே அமைத்தார்கள். ஆய்வு மட்டும், சிகிச்சை கிடையாது. கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதம் முதல் கூடுதல் ரேஷன் உண்டு. அதற்குப் பதியும்போதே ஆய்வுக்கும் பதிந்துகொண்டார்கள். பிறந்ததும் தகவல் சொல்ல மருத்துவச்சிகளுக்குக் காசு. இப்படி 70,000க்கு மேற்பட்ட பிறப்புகளைப் பரிசோதித்தார்கள். கவிதையில் உயிரைக் கொடுக்கும் மருத்துவச்சி, நிஜத்தில் குறைப்பிள்ளை பிறந்தால் ஆணையத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டிய இடத்தில் உட்காரவைக்கப்பட்டாள். தாய் வாயைத் திறப்பாளா, மாட்டாளா? வரன் பார்க்கும் ஊர் அது.

இயற்பியல் வாத்தியார்

செவிலி அம்மா, அந்த ஆய்வின் முடிவையும் சொல்லிவிடுவது நியாயம். தப்பிப் பிழைத்தவர்களுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளிடம் பரம்பரைப் பாதிப்பு கூடியதாகப் புள்ளிவிவரத்தில் தெரியவில்லை. வயிற்றில் இருந்தபோதே கதிர்வீச்சு பட்ட பிள்ளைகள் கதை வேறு; அவர்களில் சிறுத்த தலையும் மூளை வளர்ச்சிக் குறைவும் உண்டு. நேரடியாகப் பட்டவர்களில் புற்றுநோய் உண்டு. அதிலும் அதே அளவு கதிர்வீச்சுக்குப் பெண்களின் அபாயம் ஆண்களைவிட அதிகம். ஆனால் ‘பேரப்பிள்ளை வரை ஊனம்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. இலக்கியம் அந்தப் பயத்தை ஊதிவிட்டால் கல்யாணச் சந்தையில் அடிபட்டது அதே பெண்கள்தானே?

செவிலி

சார், சரியான கேள்வி. ஆனால் 1953இல் வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளுக்கு அந்த முடிவு தெரியாது. ஒரு பல்லி விழுந்த சோறா என்று தெரியாமல் சாப்பிட்டு முடித்தவளிடம், பிறகு சோதித்ததில் ஒன்றுமில்லை என்று சொல்வதுபோல. இடையில் கழிந்த மாதங்கள் அவளுடையவை.

மருதாணி

அந்த மாதங்களைத்தான் ஹயாஷி வாழ்நாள் முழுக்க எழுதினார். மகன் பிறந்தபோது இருந்த பயம், அவனுக்கு மூக்கில் இரத்தம் வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்வது. பயம் நிரூபணமாகிறதா என்பது அவர் கதைகளில் கேள்வியே இல்லை.

‘வெற்றுத் தகரடப்பா’ என்ற கதையை யாராவது படித்திருக்கிறீர்களா? 1978இல் வந்த ‘கியாமன் பீதோரோ’ தொகுப்பில் இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து, இடிக்கப்போகும் பழைய பள்ளிக் கட்டடத்தைப் பார்க்க வகுப்புத் தோழிகள் கூடுகிறார்கள். அவர்களுக்குள் ஒருத்தி, கினுகோ, முதுகில் இன்னும் இருக்கும் கண்ணாடித் துண்டுகளை எடுக்க மருத்துவமனையில் சேரப்போகிறாள். இன்னொருத்திக்கு முன்பே எடுத்திருக்கிறார்கள். துண்டைச் சுற்றி உடம்பு வெள்ளையாகக் கொழுப்பைப் போர்த்தி வைத்திருந்ததாம். பேச்சினூடே கதைசொல்லிக்குப் பொறி தட்டுகிறது: போர் முடிந்து பள்ளி திறந்தபோது, அம்மா அப்பாவின் எலும்பைத் தகர டப்பாவில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த சிறுமி இவள்தான்.

ஜன்னல் கண்ணாடி சதைக்குள், பெற்றோர் டப்பாவுக்குள். எது உடம்பு, எது பொருள், எது வெளி என்ற எல்லையே குலைந்துபோகிறது. ‘இயற்கை’ என்ற சொல் கதையில் வராது. ஆனால் உடம்புக்கும் சூழலுக்கும் நடுவில் சுவர் கிடையாது என்று சூழலியல் பெண்ணியம் பக்கம் பக்கமாக விளக்குவதை ஹயாஷி ஒரு முதுகில் காட்டிவிடுகிறார்.

ஆலங்குருவி

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நன்றி மருதாணி.

எழுத்தாளர் ஓட்டா யோகோவையும் கொண்டுவந்துவிடுகிறேன். ஹிரோஷிமாவில் அம்மா வீட்டில் இருந்தபோது குண்டு விழுந்தது. ஆற்றங்கரையில் மூன்று நாள் கிடந்துவிட்டு ஒரு கிராமத்துக்குப் போய், கதவுத் தாளிலும் கிடைத்த காகிதத்திலும் எழுதியது ‘பிணங்களின் நகரம்’. 1945 நவம்பரில் முடித்துவிட்டார். அமெரிக்க ஆக்கிரமிப்புத் தணிக்கை காரணமாக 1948இல் வெட்டோடு வந்தது, முழுதாக 1950இல்தான். நடுவில் ஓர் அமெரிக்க அதிகாரி அவரைத் தேடி வந்து, அணுகுண்டை மறந்துவிடுங்கள் என்று சொன்னதையும் பின்னால் எழுதினார்.

அதில் இரண்டு இடங்கள். ஒன்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது: பிணங்களை எப்படி இப்படி நின்று பார்க்கிறாய் என்று தங்கை கேட்க, மனுஷியின் கண்ணாலும் எழுத்தாளரின் கண்ணாலும் பார்க்கிறேன் என்கிறார். இரண்டாவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. புத்தகம் தெளிந்த இலையுதிர்கால நாளோடு தொடங்குகிறது. ஜப்பானிய எழுத்தில் இலையுதிர்காலம் என்றால் மனம் தணியும் பருவம், ஆயிரம் ஆண்டுப் பழக்கம். ஓட்டா அந்த வெயிலைப் பார்த்துவிட்டு, இது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை என்கிறார். சுற்றிலும் கிராமத்தில் ஆட்கள் உடம்பில் புள்ளி புள்ளியாக வந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள். பருவம் தன் வேலையைச் செய்யவில்லை. 1953இல் எழுதிய ‘மின்மினி’யில் இன்னும் ஒருபடி போகிறார். பழைய ராணுவ மைதானத்தில் போட்ட குடிசைகளில் சுவரேறும் நத்தைப்பூச்சிகளைப் பார்த்து, இவை செத்த சிப்பாய்களோ என்று நினைக்கிறார். தேவதையாகவோ பூவாகவோ வரவில்லை. ஓடில்லாத நத்தையாக வருகிறார்கள்.

தென்காற்று

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் ஜப்பானியப் பெண்ணின் உடம்போடு நின்றுவிட்டீர்கள். அன்று ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் செத்தவர்களில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் எத்தனையோ பேர். மினமாட்டா பாதரச நோயைப் பற்றி எழுதிய இஷிமுரே மிச்சிகோ 1968இல் நாகசாகியின் கொரிய ஹிபாகுஷாக்களைப் பற்றி எழுதினார். கடைசி வரை அள்ளாமல் கிடந்தவை கொரியர்களின் பிணங்கள், காகங்கள் இறங்கிக் கண்ணைக் கொத்தின என்ற சாட்சியம் அதில் வருகிறது. மருக்கி தம்பதியர் 1972இல் அதைவைத்து ‘காகங்கள்’ என்ற பெரிய ஓவியம் வரைந்தார்கள். அங்கே இயற்கை பலியாளும் இல்லை, தாயும் இல்லை. மனிதர்கள் யாரை அள்ளாமல் விட்டார்களோ அவர்களைக் காகம் தின்றது. பாகுபாடு மனிதருடையது.

செவிலி அம்மா குரிஹாராவைக் கடிந்துகொண்டார். நியாயமே. ஆனால் அதே குரிஹாரா 1972இல் ‘ஹிரோஷிமா என்று சொல்லும்போது’ எழுதினார். ஹிரோஷிமா என்றால் எதிரே இருப்பவர் ‘ஆ, ஹிரோஷிமா’ என்று பரிவோடு பதில் சொல்வாரா? பேர்ல் ஹார்பர் என்பார், நான்ஜிங் என்பார், மணிலா என்பார்; ஜப்பானியப் படை தாக்கிய இடங்கள். அவர்கள் பரிவு வேண்டுமென்றால் முதலில் நம் கையிலிருக்கும் கறையைக் கழுவ வேண்டும் என்கிறார். மருத்துவச்சிக் கவிதையிலிருந்து 26 ஆண்டில் அவர் நடந்து வந்த தூரம் அது. ஆலங்குருவி அக்கா, உங்கள் ‘ஆறுதலைத் தள்ளிவைப்பது’ வாதத்துக்கு இதுதான் சிறந்த சாட்சி. இதில் நிலமும் இல்லை, கருப்பையும் இல்லை. அப்படியானால் சூழலியல் பெண்ணியம் எதற்கு என்று வாத்தியார் மறுபடி கேட்பார்.

மருதாணி

ஓட்டாவுக்கும் இது பொருந்தும், தென்காற்று. போர்க்காலத்தில் அவர் எழுதிய ‘செர்ரி மலர்களின் நாடு’ அரசின் போர்க்கொள்கைக்கு இசைவான நாவல். பத்திரிகைப் பரிசும் வாங்கியது. ஹயாஷியோ ஷாங்காயில் ஆக்கிரமித்த நாட்டுக் குழந்தையாக வளர்ந்தவர். அதைத் தனிப் புத்தகங்களாகவே எழுதினார். பலியானவர் என்பதால் கை சுத்தம் என்று இவர்களில் யாரும் நடிக்கவில்லை.

இன்னொரு சுவாரசியம்: கோனோ ஃபுமியோ 2004இல் வெளியிட்ட புகழ்பெற்ற சித்திரக்கதை நூலின் (ஜப்பானியர் ‘மாங்கா’ என்பது) தலைப்பின் இரண்டு பாதியும் ஓட்டாவின் இரண்டு நாவல் தலைப்புகளிலிருந்து வந்தவை. ஒன்று அணுகுண்டுக்குப் பிந்தையது, இன்னொன்று இந்தப் போர்க்கால நாவல்.

இயற்பியல் வாத்தியார்

தென்காற்று என் கேள்வியைக் கேட்டுவிட்டார். பதில் வரட்டும்.

ஆலங்குருவி

குரிஹாராவின் அந்தக் கவிதைக்குச் சூழலியல் பெண்ணியம் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியைத் திணிக்கும் ஆள் நான் இல்லை. காகங்களுக்கு மட்டும் கண்டிப்பாகத் தேவை. யாரை மனிதராக எண்ணி அள்ளினார்கள், யாரை இயற்கையிடம் விட்டார்கள் என்பதுதான் அந்தச் சிந்தனையின் கேள்வியே. கீழே தள்ள வேண்டியவரை முதலில் ‘இயற்கை’ என்ற பக்கத்துக்குத் தள்ளு. அப்புறம் எதுவும் செய்யலாம். தத்துவ அறிஞர் வால் பிளம்வுட் 1993இல் இதைத் தெளிவாக எழுதினார்.

வாத்தியாருக்குத் தனியாக ஒன்று. 2011இல் ஃபுகுஷிமா உலைகள் உருகியபோது ஹயாஷிக்கு வயது 80. தொலைக்காட்சியில் அதிகாரிகள் ‘உள்வழிக் கதிர்வீச்சு’ என்று சர்வசாதாரணமாகச் சொல்வதைக் கேட்டு அதிர்ந்துபோனார். மூச்சிலும் சோற்றிலும் தண்ணீரிலும் உள்ளே போகும் கதிரியக்கம். அவருடைய தோழிகள் ஒவ்வொருவராக நோயில் விழுந்து அரசிடம் சான்றிதழ் கேட்டபோதெல்லாம், உங்கள் நோய்க்கும் குண்டுக்கும் தொடர்பு இல்லை என்ற பதில்தான் வந்தது. அப்படியென்றால் தெரிந்தேதான் சொன்னார்களா என்று 2013இல் எழுதினார். ட்ரினிட்டி நூலில் யாருக்குக் கடிதம்போல எழுதினாரோ அதே ரூயிக்குத்தான் இதையும் எழுதுகிறார்.

அதே பழைய கோபம்தான். ‘மட்சுரி நோ பா’ எப்படித் தொடங்குகிறது? குண்டோடு சேர்த்துப் போட்ட அளவீட்டுக் கருவியில், அமெரிக்க விஞ்ஞானிகள் தங்களுக்குத் தெரிந்த ஜப்பானியப் பேராசிரியர் சகானேவுக்கு எழுதி வைத்த கடிதத்தோடு. முடிவது அமெரிக்கர்கள் தொகுத்த ஆவணப்படத்தின் கடைசி வசனத்தோடு: இவ்வாறு அழிவு முடிவுற்றது. நடுவில் இருப்பது முழுக்க, ஆலையில் வேலை செய்த பிள்ளைகள்.

பழைய புத்தகக்கடை

சகானே கடிதம் நல்ல நினைவூட்டல். தொடக்கத்திலும் முடிவிலும் ஆண்களின் ஆவணம், நடுவில் பெண்பிள்ளைகள் என்று நீங்கள் சொல்ல வருவது புரிகிறது.

ஆனால் இபுசேயை இன்னும் விடமாட்டேன். மருதாணி சொன்ன நாட்குறிப்பு வாதம் சரி. அதே நாவலில் ஷிகெகோவின் குறிப்பும் இருக்கிறதே? போர்க்கால ஹிரோஷிமாவில் என்ன சாப்பிட்டோம் என்று மனைவியை எழுதச் சொல்கிறார் ஷிகெமட்சு. ரேஷன் அரிசி எப்படிக் குறைந்தது, எதை எதோடு கலந்து சமாளித்தார்கள் என்று அவள் எழுதுகிறாள். குண்டுக்கு முன்பே அந்த நகரம் எப்படிப் பட்டினியில் இளைத்திருந்தது என்பது நாவலில் அங்கேதான் சரியாகத் தெரிகிறது. அந்தப் பக்கங்களை ஆண் எழுதினார், சமையற்கட்டிலிருந்து எழுதினார். இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

மருதாணி

சார், கணவர் கேட்டதால் எழுதினாள், அவர் தொகுப்புக்குப் பின்னிணைப்பாக எழுதினாள் என்ற கணக்கில்.

பழைய புத்தகக்கடை

கேட்டதால் எழுதினாள், சரி. எழுதியது என்னவோ அவள்தானே? அடுத்த வாரம் அந்த அத்தியாயத்தை மட்டும் எல்லாரும் மறுபடி படித்துவிட்டு வாருங்கள், அதிலேயே சண்டை போடுவோம். செவிலி அம்மாவும் கட்டாயம் வர வேண்டும்.

செவிலி

அந்த வாரம் எனக்கு இரவுப் பணி. காலையில் வந்து பதில் போடுகிறேன். புத்தகம் கையில் இருப்பவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.